புளிக்குக் கொடுத்த செக்கு

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். இதை மலையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஊசிக்குப் பயப்படாத ஆண்கள்கூட என் வாய்க்குப் பயந்து மருந்தகத்துக்கு வெளியிலேயே நின்றுகொள்வார்கள். அறுபதுகளின் தொடக்கத்தில் அரசாங்கம் என்னை மலைமேல் நெல்லிவாசல் பக்கத்து மருந்தகத்துக்கு நர்ஸாகப் போட்டது. டாக்டர் என்பவர் எப்போதாவது வருவார், மழை பிடித்துக்கொண்டால் அதுவும் இல்லை. பிரசவம் பார்ப்பது என் வேலை. படிக்கத் தெரிந்தவள் என்ற குற்றத்துக்காக மணியார்டர் பாரம் நிரப்புவது, தாலுக்காவுக்கு மனு எழுதுவது எல்லாம் என் தலையில் விழுந்தது. அப்படி விழுந்த ஒன்றைத்தான் சொல்லப்போகிறேன். இப்போது சொன்னாலும் என் குரல் உயர்ந்துவிடும், யாரோடு சண்டை என்று வீட்டில் இருப்பவர்கள் எட்டிப் பார்ப்பார்கள்.

மருந்தகத்துக்கு மேலே இருந்த ஊரில் ஒரு அக்கா இருந்தாள். என்னைவிடப் பத்து வயது மூத்தவள் இருக்கும். அவள் புருஷனுக்கு வயிறு வீங்கிக்கொண்டே வந்தது. கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னவள் நான்தான். மறுபடி அப்படி ஒரு வயிறு என் முன்னால் வந்தாலும் அதையேதான் சொல்வேன். டோலி கட்டித் தூக்கிப்போனார்கள். செலவுக்கு அவள் தன் கொல்லையை, சாமை விளைகிற ஒரே நிலத்தை, அடிவாரத்துக்காரர் ஒருவரிடம் அடமானம் வைத்தாள். புருஷன் ஆஸ்பத்திரியிலேயே போய்விட்டான். கொல்லை மட்டும் அடமானத்தில் நின்றது. வருகிற ஆடியில் ஏர் பூட்டுவதற்குள் பணத்தைக் கட்டினால் கொல்லை அவளுக்கு, இல்லாவிட்டால் தனக்கு என்று அடிவாரத்துக்காரர் எழுதி வாங்கிக்கொண்டிருந்தார். அவளுக்கு வேறு நிலம் கிடையாது. அது போனால் அடுத்தவர் கொல்லையில் கூலிக்குக் களை பறிக்க வேண்டியதுதான்.

கடவுள் கண்ணைத் திறந்தார் என்று அந்த வருஷம் நினைத்தோம். வீட்டைச் சுற்றி அவளுக்குப் புளியமரங்கள் இருந்தன. கிளை ஒடிகிற மாதிரி காய்த்திருந்தன. பங்குனியில் உலுக்கி, ஓடு உடைத்து, கொட்டை நீக்கி, நார் எடுத்து மூட்டை கட்டினாள். அடமானத்தை மீட்க அந்தப் புளி தாராளமாகப் போதும். திருப்பத்தூரில் மண்டி வைத்திருந்த ஒரு வியாபாரி மேலே ஏறி வந்தான். வெள்ளை வேட்டி, தங்கப் பொத்தான், பேச்சில் தேன் ஒழுகும். புளியை எடை போட்டு மாட்டின் மேல் ஏற்றி இறக்கிக்கொண்டு போனான். பணத்துக்குப் பதில் ஒரு செக்கை எழுதி அவள் கையில் கொடுத்தான். காட்டு வழியில் ரொக்கம் வைத்துக்கொண்டு வர முடியாதாம், திருட்டு பயமாம். திருடன் எந்தப் பக்கம் நின்று பேசுகிறான் என்று பாருங்கள்.

அவன் செக்கு கொடுத்தான் என்று அவள் ஊரில் சொன்னபோது, எண்ணெய் ஆட்டுகிற செக்கை எதற்குக் கொடுத்தான், எப்படி மலை மேல் ஏற்றினான் என்று கேட்டார்களாம். என்னிடம் கொண்டுவந்து காட்டினாள். நான் பார்த்த வரையில் எல்லாம் சரியாகவே இருந்தது. அவள் பேர்கூடப் பிழையில்லாமல் இருந்தது. கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. அயோக்கியனுக்கு எதற்கு அவ்வளவு அழகான கையெழுத்து என்று எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வரும்.

இரண்டு பேரும் மலையிறங்கி, பஸ் பிடித்து, திருப்பத்தூர் வங்கிக்குப் போனோம். கம்பிக்குப் பின்னால் இருந்த குமாஸ்தா செக்கை வாங்கி உள்ளே போனார், வெகுநேரம் கழித்து ஒரு சீட்டோடு திரும்பி வந்தார். அதில் ரெஃபர் டு டிராயர் என்று இங்கிலீஷில் இருந்தது. வாய்விட்டுப் படித்தேன். மலையில் டிராயர் என்றால் காட்டிலாகா கார்டுமார்கள் போடுகிற அரைக்கால் சட்டை.

"எந்த டிராயருங்க?" என்று அவள் குமாஸ்தாவைக் கேட்டாள். "அதுல துட்டு கீதா?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள், குமாஸ்தாவும் சிரித்தார். நான் விட்ட வார்த்தையில் அவர் சிரிப்பு பாதியில் நின்றது. செக்கு எழுதினவரைப் போய்க் கேளுங்கள் என்பதுதான் அந்தச் சீட்டின் அர்த்தம் என்று மரியாதையாக விளக்கினார். போய்க் கேட்டோம். மண்டிக்காரன் கும்பிட்டு, காப்பி வரவழைத்து, அடுத்த வாரம் போடுங்கள், பணம் கட்டிவிடுகிறேன் என்றான். அடுத்த வாரம் மறுபடி மலையிறங்கினோம். மறுபடி அதே சீட்டு, அதே டிராயர். குமாஸ்தாவுக்கே பாவமாக இருந்ததோ என்னவோ, கம்பியருகே குனிந்து என்னிடம் சொன்னார்.

"அந்தக் கணக்குல ரொம்ப நாளா ஒண்ணும் இல்லீங்க. எத்தினி தபா வந்தாலும் இதே கதைதான்."

அப்படியானால் செக்கு எழுதும்போதே அவனுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே, புருஷனைப் பறிகொடுத்தவளின் வீட்டு வாசலில் உட்கார்ந்து, அவள் கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, அவளுக்குப் பட்டை நாமம் போட்டிருக்கிறான். அவளை அங்கேயே பிடித்து இழுத்துக்கொண்டு ஒரு வக்கீலிடம் போனேன்.

வக்கீல் மூக்குப்பொடி போட்டுக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். "சிவில்ல போட்டா வருஷக்கணக்கா இழுக்கும், கோர்ட்டு ஸ்டாம்புக்கே நீங்க இன்னொரு கொல்லைய அடமானம் வைக்கணும். ஏமாத்துனான்னு கிரிமினல்ல போடுவோம். சம்மன் கையில கெடச்ச அன்னிக்கே துட்டைத் தூக்கிக்கினு ஓடியாருவான்" என்றார். முதலில் ஒரு நோட்டீஸ் பதிவுத் தபாலில் போனது. மண்டிக்காரன் வாங்க மறுத்துவிட்டான் என்று தபால்காரர் எழுதி, உறை திரும்பி வந்தது. மூட்டை மூட்டையாகப் புளி வாங்கத் தெரிந்த கைக்கு ஒரு காகித உறையை வாங்கத் தெரியவில்லை.

பிறகு மனு. வக்கீல் குமாஸ்தா எழுதிய நகலைப் படித்துப் பார்த்தேன். எந்தப் பழைய வழக்கைப் பார்த்து எழுதினாரோ, அதில் அவள் ஆணாகியிருந்தாள், புளி கடுக்காயாகியிருந்தது. வழக்கு நடந்த ஊரே வேறு. அதைக் கிழித்து அவர் மேஜையிலேயே வைத்துவிட்டு, நானே எழுதிக்கொண்டு வருகிறேன் என்றேன். வக்கீல் ஒரு வரியை மட்டும் தனித்தாளில் எழுதி, அடிக்கோடு போட்டுக் கொடுத்தார். 'செக்கைக் கொடுக்கும்போதே வங்கியில் பணம் இல்லை என்று நன்கு தெரிந்தும், என்னை ஏமாற்ற வேண்டும் என்ற எண்ணத்துடனேயே கொடுத்தார்.' இந்த வரி இல்லாவிட்டால் வழக்கே இல்லை என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மருந்தகத்தில் கூட்டமில்லை. பஞ்சு டப்பாவையும் டிங்சர் பாட்டிலையும் ஒதுக்கிவைத்துவிட்டு, மேஜையில் எல்லாவற்றையும் பரப்பினேன். செக்கு, வங்கிச் சீட்டுகள், நோட்டீஸ் நகல், திரும்பி வந்த உறை. அவள் எதிரே முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். மேற்படி, மேற்கண்ட, மேலே சொன்ன என்று கோர்ட்டுத் தமிழில் எழுதினேன். ஒரு பெண்ணின் வயிற்றெரிச்சலை எழுதுவதற்கு எத்தனை மேற்படி தேவைப்படுகிறது. எழுதி முடித்து அவளுக்கு வாசித்துக் காட்டினேன். அடிக்கோடு போட்ட வரி வந்ததும் கையை நீட்டினாள்.

"அத்த அடிச்சிருங்க நர்சம்மா."

"எதை?"

"எண்ணத்தோட குடுத்தான்னு எழுதிகிறீங்களே, அத்த. அவன் எண்ணம் இன்னான்னு நான் எப்பிடிச் சொல்றது? காயிதம் குடுத்தான், பார்த்தேன். புளிய ஏத்திக்கினு போனான், பார்த்தேன். அவ்ளோதான்."

"அவன் உன்னை ஏமாத்தலையா அக்கா?"

"ஏமாத்திட்டான்."

"அப்போ ஏமாத்தணும்னு நெனச்சித்தானே குடுத்திருப்பான்?"

"இருக்கும். இருக்கும்னு நானும் சொல்றேன். இருந்துச்சின்னு சத்தியம் பண்ண மாட்டேன்."

எனக்கு அந்த வழக்கம் அதற்கு முன்பே கொஞ்சம் தெரியும். அவர்கள் ஊரில் ஒரு வழக்கு வந்தால் பெரியவர்கள் கூடி உட்காருவார்கள். சாட்சி சொல்ல வருகிறவர் கண்டதைச் சொல்லலாம், கேட்டதைச் சொல்லலாம். எதிராளியின் மனசில் இருந்ததைச் சொல்லக் கூடாது. அது சாமி வந்து ஆடுகிறவர் மட்டும் சொல்லக்கூடியது. சாமி வராமல் ஒருவர் அப்படிச் சொன்னால், சாமி பேச்சைத் திருடிவிட்டார் என்பார்கள். அதன் பிறகு அவர் எதைச் சொன்னாலும் யாரும் காதில் வாங்க மாட்டார்கள். நல்ல வழக்கம்தான். ஊருக்குள் வைத்துக்கொள்ள வேண்டியது. மண்டிக்காரனோடு மல்லுக்கு நிற்கும்போது அதையும் மூட்டை கட்டிக்கொண்டு வந்தால் யாருக்குத்தான் கோபம் வராது.

கத்தினேன். கொல்லை போய்விடும் என்றேன். ஆனி பிறந்துவிட்டது, ஆடி எட்டிப் பார்க்கிறது என்றேன். கடைசியில், இது நான் எழுதுகிற காகிதம், வக்கீல் சொல்லிக் கொடுத்த பேச்சு, உன் பேச்சு இல்லை, ரேகையை மட்டும் வை என்றேன். அவள் யோசித்தாள்.

"உங்க பேச்சின்னா இருந்துட்டுப் போவட்டும்" என்று கட்டைவிரலை நீட்டினாள்.

ரேகை விழுந்தால்தானே. வருஷமெல்லாம் புளி ஓடு உடைத்து, விரலில் ரேகையே தேய்ந்துபோயிருந்தது. வைத்த இடமெல்லாம் வெறும் மசிப்பொட்டு. ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, சோப்புப் போட்டுக் கழுவி, மறுபடி மறுபடி வைத்தோம். கொஞ்சம் வரி தெரிகிற மாதிரி ஒன்று விழுவதற்குள் நான் மூன்று தாளைப் பாழாக்கியிருந்தேன். அந்த மூன்று தாளுக்கும் சேர்த்து மண்டிக்காரனைத் திட்டினேன்.

கோர்ட்டில் எங்களைக் கூப்பிடும்போது பொழுது உச்சிக்கு வந்துவிட்டது. மாஜிஸ்திரேட் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். மனுவைப் படித்தார், உறையைத் திருப்பிப் பார்த்தார், மண்டிக்காரனின் பேரைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். மனுக் கொடுத்தவரைச் சத்தியம் வாங்கி விசாரித்த பிறகுதான் எதிராளிக்குச் சம்மன் அனுப்புவார்களாம். அவள் கூண்டில் ஏறினாள். கடவுள் அறியச் சொல்வதெல்லாம் உண்மை என்று டவாலி போட்ட சேவகர் சொல்லிக்கொடுக்க, ஒவ்வொரு வார்த்தையாகத் திருப்பிச் சொன்னாள். அவள் அதை எவ்வளவு கவனமாகச் சொன்னாள் என்று பார்த்தபோதே எனக்குச் சந்தேகம் தட்டியது.

புளி விற்றதைச் சொன்னாள், செக்கு வாங்கினதைச் சொன்னாள், வங்கிக்குப் போனதைச் சொன்னாள். ஒரு தடுமாற்றமும் இல்லை. பிறகு மாஜிஸ்திரேட் கேட்டார்.

"செக்கு கொடுக்கும்போதே உன்னை ஏமாத்தணும்னு நெனச்சித்தான் கொடுத்தாரா?"

"அவன் மனசுல இன்னா இருந்துச்சின்னு எனக்குத் தெரியாது சாமி."

மாஜிஸ்திரேட் பேனாவைக் கீழே வைத்தார். இன்னொரு தடவை, நிதானமாக, அவளுக்குப் புரிகிற மாதிரி கேட்டார். அவள் அதே பதிலைச் சொன்னாள்.

"மனுவுல அப்படித்தானேம்மா எழுதியிருக்கு?"

"அது நர்சம்மா எழுதினது சாமி. நான் சொன்னது இல்ல."

கோர்ட்டே திரும்பி என்னைப் பார்த்தது. என் இரண்டு காதும் சுட்டன. வக்கீல் எழுந்து ஏதோ சொல்லிப் பார்த்தார். ஒன்றும் எடுபடவில்லை. மனு தள்ளுபடி. வாராவாரம் மலையிறங்கி, பிரசவக் கேசுகளை விட்டுவிட்டு, லீவு போட்டு, தேய்ந்த விரலைத் தேய்த்துத் தேய்த்துச் சேர்த்த காகிதமெல்லாம் ஒரே வார்த்தையில் குப்பையாகிவிட்டது.

வெளியே வந்ததும் வக்கீல் தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டார். நான் போகவில்லை. வேப்பமரத்தடியில் அவளை நிற்கவைத்து, வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். பைத்தியக்காரி என்றேன். உனக்கு உழைத்ததற்கு என்னைக் கோர்ட்டில் பொய்க்காரி ஆக்கிவிட்டாய் என்றேன்.  அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கடைவீதிப் பக்கம் நடக்க ஆரம்பித்தாள்.

"எங்கே போறே?"

"மண்டிக்கு. அவன் மனசுல இருந்தது அவனுக்குத்தானே தெரியும். அவனையே கேட்டுட்டு வர்றேன்."

நானும் பின்னாலேயே ஓடினேன். மண்டிக்காரனுக்கு அதற்குள் சேதி போயிருந்தது. வாசலில் எங்களைப் பார்த்ததும் சிரித்தான். இந்தத் தடவை கும்பிடும் இல்லை, காப்பியும் இல்லை. தராசுக்காரரும் மூட்டை தூக்குகிறவர்களும் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். அவள் சண்டை போடுகிற குரலில் கேட்கவில்லை. வழி கேட்கிற மாதிரி கேட்டாள்.

"நீ அந்தக் காயிதத்த எனக்குக் குடுத்தியே, அப்போ உன் மனசுல இன்னா இருந்துச்சி?"

"இன்னா இருந்துச்சா?" அவன் சுற்றி நின்றவர்களைப் பார்த்துக் கண்ணடித்தான். "ஏமாத்தணும்னுதான் இருந்துச்சி. பேங்கியில ஒண்ணும் இல்லன்னு தெரிஞ்சிதான் குடுத்தேன். இப்ப இன்னா பண்ணுவே? போய் உங்க மலை சாமிகிட்ட சொல்லு."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அவன் தராசுக் கல்லைத் தூக்கி அவன் மேலேயே போட வேண்டும் என்று இருந்தது. அவள் என் பக்கம் திரும்பினாள்.

"கேட்டீங்களா நர்சம்மா?"

"கேட்டேன்."

"இப்ப எழுதுங்க. இப்ப நான் சொல்லுவேன்."

வக்கீல் நம்பவில்லை. தள்ளுபடியான மனுவை மறுபடி போடுவது லேசில்லை என்றார். பிறகு, புதிதாக ஒரு விஷயம் வந்திருக்கிறது, அவனே வாயால் ஒத்துக்கொண்டிருக்கிறான், நீங்கள் சாட்சி சொன்னால் பார்க்கலாம் என்று இறங்கி வந்தார். மண்டியில் இருந்தவர்களில் ஒருவரும் சாட்சிக்கு வர மாட்டார்கள், அவர்களுக்குச் சோறு போடுகிறவன் அவன். ஆகவே நான் ஒருத்திதான் சாட்சி. வக்கீல் மேஜையிலேயே உட்கார்ந்து எழுதினேன். ஏமாற்றுகிற எண்ணம் பற்றிய வரி வந்தபோது அவள் குனிந்து பார்த்தாள், எழுத்துத் தெரியாத கண்ணால்.

"அத்த நல்லா அழுத்தி எழுதுங்க" என்றாள்.

இத்தோடு கதை முடிந்திருந்தால் நான் ஏன் கோபப்படப்போகிறேன். மாஜிஸ்திரேட் லீவில் போய்விட்டார். அவர் இடத்துக்கு வேறொருவர் வருகிறார் என்றார்கள். அவர் வந்து பொறுப்பேற்க வேண்டும், பழைய காகிதத்தை வரவழைக்க வேண்டும். மழை வேறு முந்திக்கொண்டது. நாங்கள் போகும்போதெல்லாம் அடுத்த வாரம் வாருங்கள் என்றார்கள். மண்டிக்காரன் சொன்னதும் அதேதான், அவனாவது காப்பி கொடுத்தான். புது மாஜிஸ்திரேட் அவளை விசாரித்தார். கேட்டதற்கெல்லாம் கணீரென்று பதில் சொன்னாள். மண்டிக்காரன் மண்டியில் சொன்னதை அவன் கண்ணடித்தது உட்பட அப்படியே சொன்னாள். நானும் காதால் கேட்டதைச் சாட்சி சொன்னேன். சம்மன் போனது. வக்கீல் சொன்னது சரிதான். சம்மன் கிடைத்த மறுநாளே அவன் பணத்தைக் கொண்டுவந்து கட்டி, சமாதானம் என்று எழுதி வாங்கிக்கொண்டு போனான். ஜெயில் இல்லை, ஒன்றும் இல்லை. அதே வெள்ளை வேட்டி, அதே தங்கப் பொத்தான்.

அவள் பணத்தை மடியில் முடிந்துகொண்டு நேரே அடிவாரத்துக்காரரிடம் போனாள். நானும் போனேன். ஆடி பிறந்து நாளாகியிருந்தது. அவர் மடியைப் பார்க்கக்கூட இல்லை.

"ஏர் பூட்டி வெதச்சாச்சிம்மா. கெடு தாண்டிப் போச்சி. எழுதிக் குடுத்தது நீதானே" என்றார்.

கெஞ்சினோம். கூடுதலாகத் தருகிறோம் என்றோம். பத்திரத்தை எடுத்துவந்து கெடு எழுதியிருந்த இடத்தை விரலால் காட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

மலையேறும்போது அந்தக் கொல்லையைத் தாண்டித்தான் போக வேண்டும். சாமை முளைத்து, விரல் உயரம் நின்றது. அவள் வரப்பில் நின்றுவிட்டாள். பணம் இன்னும் மடியில்தான் இருந்தது. அதைப் பார்த்ததும் அதுவரை அடக்கி வைத்திருந்தது எனக்குப் பொங்கிவிட்டது.

"முதல் நாளே கோர்ட்டுல ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, இது இன்னிக்கு உன் கொல்லை. ஒரு வார்த்தை. வாயைத் திறந்து ஆமான்னு சொல்றதுக்கு உனக்கு என்ன கேடு? உன்னாலதான் போச்சு எல்லாம், உன்னாலதான்."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். புருஷன் செத்த அன்றுகூட நான் அவள் முகத்தில் அவ்வளவு கோபத்தைப் பார்த்ததில்லை.

"புளிய வளத்தது நானு. உலுக்கினது நானு. கேட்ட எடத்துலல்லாம் நெசத்த சொன்னது நானு. ஏமாத்தினது அவன், லேட் பண்ணது கோர்ட்டு, கொல்லைய எடுத்துக்கினது இவரு. அவங்க மூணு பேருகிட்டயும் மரியாதையா பேசிட்டு வந்து, என்னெத் திட்றீங்க. என்னெ ஏன் நர்சம்மா திட்றீங்க? அவங்களத் திட்டுங்க."

சொல்லிவிட்டு மேலே நடந்தாள். அதற்குப் பிறகு நான் அவளை ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவர்களைத்தான் திட்டிக்கொண்டிருக்கிறேன், இன்றைக்கும்.